நெல்லித்தாங்கலின் மூன்றாவது கிணறு

1. பங்குனி மாதம், பிற்பகல் இரண்டு மணி இருக்கும். எங்கள் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில், தண்ணீர் கிடைக்கும் இடங்களின் பட்டியலை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

2. டெலிபோன் அடித்தது. அவலூர்பேட்டை சாலையில் ஓர் அரிசி மில்லிலிருந்து பேசினார்கள். நெல்லித்தாங்கலில் கூரைகள் எரிகின்றன.

3. "பட்டியலு போட்டவங்களே கூட வரட்டும்" என்றார் லீடிங் பயர்மேன் துரைக்கண்ணு. ஏறினேன்.

4. இருபது நிமிஷத்தில் ஊரை அடைந்தோம். அதற்குள் ஒன்பது வீடுகள் போயிருந்தன.

5. பட்டியலில் முதல் கிணறு: பம்ப் தண்ணீர் எடுக்கவில்லை.

6. பட்டியலில் இரண்டாவது கிணறு: எடுக்கவில்லை.

7. மூன்றாவது கிணற்றில் தண்ணீர் இருந்தது. அது பட்டியலில் இல்லை.

பட்டியலைப் போட்டவள் நான். இந்த வாரம் எழுதப்போவது அந்த ஏழாவது வரியைப் பற்றி.

இந்தத் தொடரை இன்றுதான் படிப்பவர்களுக்கு: நான் செஞ்சி கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருப்பவரின் மகள். சென்னையில் பெண்கள் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்துவிட்டு, ஊருக்கே திரும்பி, ஓர் அரசாங்க ஆபீசில் வரைபடம் போடும் வேலையில் சேர்ந்தேன். கிராமங்களில் என்னை 'மேப்பு அம்மா' என்பார்கள். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது.

வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். பின்னால் ஐந்து பேர் நின்றார்கள். அதற்கும் பின்னால், இரண்டு சக்கரத்தின் மேல், டிரெய்லர் பம்ப் குதித்துக்கொண்டே வந்தது. அமோனியாப் புகையில் பிரதி எடுத்த வாடை இன்னும் போகாத பட்டியல் சுருள் என் மடியில் இருந்தது.

டிரைவர் மஸ்தான் பாய் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "கெட்டியா புடிச்சுக்கம்மா. அந்தப் பக்கத்துக் கதவு சில நேரம் தானா தொறந்துக்குது."

"ரிப்பேர் பண்ணச் சொல்லலையா பாய்?"

"சொல்லியாச்சு. அதுவும் எங்கியோ ஒரு பட்டியல்ல இருக்குது."

ராஜகிரிக் கோட்டைமலை முதுகுக்குப் பின்னால் போனதும் புகை தெரிந்தது. கறுப்பாக இல்லை. மஞ்சள் கலந்த வெள்ளையாக, நிமிர்ந்து எழாமல், கிழக்கே சாய்ந்து கிடந்தது. காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது என்று அர்த்தம். மஸ்தான் பாய் அதைப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

வண்டி வருவதற்கு முன்

நிலையம் வருவதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் நெருப்பை எப்படி அணைத்தார்கள் என்று கடையில் இருந்த நைனாவைக் கேட்டேன். "அணைக்கிறது எங்க? எரிஞ்சு முடியும்" என்றார்.

முழு உண்மை அதுவல்ல. ஊருக்கு ஒரு முறை இருந்தது. கோயில் மணியை விடாமல் அடிப்பார்கள். ஆண்கள் கூரை ஏறி, காற்று போகும் திசையில் இரண்டு மூன்று வீடுகளின் ஓலையைப் பிடுங்கி எறிவார்கள். நெருப்புக்கு எட்டாத இடைவெளி ஒன்றை உண்டாக்குவதுதான் நோக்கம். யார் வீட்டைப் பிடுங்குவது என்பதில் சண்டை வரும். சண்டை முடிவதற்குள் பல முறை அந்த வீடே எரிந்து, வழக்கு தானாகத் தீர்ந்துவிடும்.

ஊருக்குப் பன்னிரண்டு சிவப்பு வாளி, நான்கு நீளக் கொக்கி என்று அரசாங்கம் கொடுத்தது. நான் கணக்கெடுக்கப் போனபோது கொக்கிகள் கிடைத்தன. வாளிகள் பெரும்பாலும் கல்யாண வீடுகளில் சாம்பார் பரிமாறிக்கொண்டிருந்தன.

பிறகு நிலையம் வந்தது. ஒரு கொட்டகை, ஒரு வண்டி, ஒரு பம்ப், ஒரு டெலிபோன். முதல் வருஷத்தில் அவர்கள் போன வேலைகளை அவர்களுடைய நோட்டிலிருந்து நான் எடுத்து வைத்திருக்கிறேன். வைக்கோல் போர் எரிந்தது. கிணற்றில் மாடு விழுந்தது. கிணற்றில் மாட்டைத் தூக்க இறங்கிய ஆள் விழுந்தது. அமாவாசைதோறும் மேல்மலையனூர்க் கோயில் கூட்டத்துக்குக் காவல். கோட்டைப் படியில் மயங்கியவரைக் கயிற்றுக் கட்டிலில் இறக்கியது. கல்யாணம் வேண்டாமென்று புளியமரத்தில் ஏறிய மாப்பிள்ளையை இறக்கியது. இந்தக் கடைசி வேலை கடமைக்குள் வருமா என்று நிலையத்தில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள்.

நெருப்புக்குப் போகும்போது ஒரு சிக்கல். வண்டியின் தொட்டியில் இருக்கும் தண்ணீர் சில நிமிஷங்களுக்குத்தான் காணும். அதற்குப் பிறகு ஊரில் இருக்கும் தண்ணீரைத்தான் பம்ப் எடுத்தாக வேண்டும். எந்த ஊரில் எந்தக் கிணறு, அதற்கு வண்டி போக வழி உண்டா, தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது? இந்த விவரம் வேண்டுமென்று நிலையத்திலிருந்து எங்கள் ஆபீசுக்கு எழுதினார்கள். ஆபீசர் கடிதத்தை என் மேஜையில் வைத்தார்.

தை மாதம் முழுவதும் சுற்றினேன். டேப், ஒரு ஈயக் குண்டு, ஒரு நோட்டு. ஆறு கட்டங்கள்: ஊர், கிணறு, வழி, அகலம், நீர்மட்டம், குறிப்பு. அவ்வளவு அழகான பட்டியலை அதற்கு முன் நான் போட்டதில்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் எழுதியிருந்தேன்: 'கோடையில் மறுபடி அளக்கவும்.'

எழுதியது செய்தது போல் ஆகிவிட்டது. பங்குனி வந்தது. நான் அளக்கவில்லை.

இருபத்தைந்து அடி

நெல்லித்தாங்கலில் ஒரே நீளத் தெரு. நடுவில் கோயில். கோயிலுக்கு மேற்கே இருந்த பாதியில் நாங்கள் இறங்கியபோது, கோயிலை ஒட்டிய நாலைந்தைத் தவிர, கூரை என்று ஒன்றும் மிச்சமில்லை. நெல் அவித்த அடுப்பின் சாம்பலை யாரோ குப்பைமேட்டில் கொட்டியிருக்கிறார்கள். மீதியைக் காற்று பார்த்துக்கொண்டது. கிழக்குப் பாதியில் முப்பது வீடுகள், எல்லாம் பனை ஓலை. ஓலை வெடிக்கும் சத்தம் பொரி வறுப்பது போல இருந்தது. நெருப்பு கோயிலைத் தாண்டினால் முப்பதும் போகும். அதற்கு நடுவே அந்த நாலைந்து கூரைகள்தான் இருந்தன.

அந்தக் கூரைகளின் மேல் ஆட்கள் நின்று ஓலையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

துரைக்கண்ணு தொட்டித் தண்ணீரை முன்வரிசைக்கு அடிக்கச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "கெணறு?"

"கோயில் கிணறு. பதிமூணு அடி."

நாலு பேர் பம்பைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். உறிஞ்சு குழாயை இறக்கினார்கள். எஞ்சின் உறுமியது. காற்றழுத்த முள் ஏறியது, நடுங்கியது, நின்றது. தண்ணீர் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். ஆழத்தில் ஒரு தட்டு அகலத்துக்கு வானம் தெரிந்தது. எப்போதும் பையில் இருக்கும் டேப்பையும் ஈயக் குண்டையும் எடுத்தேன். குண்டை இறக்கினேன். முப்பத்துமூன்று அடி.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். மேலே நிற்கும் பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை. குழாய்க்குள் இருக்கும் காற்றை எடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். வெளியே இருக்கும் காற்றுதான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. காற்றின் பலம் நடைமுறையில் இருபத்தைந்து அடி வரைக்கும்தான். அதற்குக் கீழே தண்ணீர் கடலாகக் கிடந்தாலும் அந்தப் பம்புக்கு அது வறண்ட கிணறு. கயிறு கட்டிய குடத்துக்கு இந்தக் கணக்கு கிடையாது.

இதை நான் பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கியவள்.

"அடுத்தது" என்றார் துரைக்கண்ணு.

"ஊர்க் கிணறு" என்றேன். அடி எத்தனை என்று சொல்லவில்லை. பட்டியலில் பதினொன்று என்று இருந்தது. டேப்பில் முப்பத்தாறு வந்தது. அங்கே பெண்கள் உருளையில் கயிறு போட்டுக் குடம் குடமாக இறைத்து, கைமாற்றிக் கைமாற்றித் தெருவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முப்பது கூரைக்குக் குடம்.

"அடுத்தது?"

"பட்டியல்ல அவ்வளவுதான்."

துரைக்கண்ணு திட்டவில்லை. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "தொட்டியில மூணு நிமிசத் தண்ணி இருக்குதும்மா" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்போதுதான் கூரை மேலிருந்து ஓர் ஆள் கத்தினார். இடுப்பில் ஈரக் கோணி, கையில் கொக்கி, முகமெல்லாம் கரி. பெயர் ஏழுமலை என்று பிறகு தெரிந்தது.

"சார்! எங்க கெணத்துல கிட்டக்கவே தண்ணி இருக்குது!"

"எங்கய்யா?"

"காலனியில. ஏரிக்கு அந்தாண்ட."

கீழே நின்ற ஊர்க்காரர்கள் அவரை நிமிர்ந்து பார்த்தார்கள். ஏழுமலை மறுபடி குனிந்து ஓலையைப் பிடுங்க ஆரம்பித்தார்.

இரண்டு ரிஜிஸ்தர்

நான் வேலை பார்த்த ஆபீசில் கிணறுகளுக்கு இரண்டு ரிஜிஸ்தர்கள். பச்சை அட்டை போட்டது பொதுக் கிணறுகள். இன்னொன்று அரிசன நலப் பிரிவில், வேறு பீரோவில், வேறு குமாஸ்தாவிடம் இருந்தது. நெல்லித்தாங்கல் காலனிக் கிணறு எங்கள் ஆபீசே வெட்டிக்கொடுத்தது. அதன் சிமெண்டு உறைக்கு வரைபடம் போட்டவர் என் நாற்காலியில் எனக்கு முன் உட்கார்ந்திருந்தவர். பச்சை அட்டையை மட்டும் கக்கத்தில் வைத்துக்கொண்டு நான் ஊர் ஊராகப் போனேன்.

ஒவ்வோர் ஊரிலும் ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் முன்னால் நடப்பார். அவர் நின்ற இடத்தில் நான் நின்றேன். அவர் காட்டிய கிணற்றை அளந்தேன். நெல்லித்தாங்கலில் இரண்டு கிணறு முடிந்ததும் "அவ்வளவுதானா?" என்று கேட்டேன். "அவ்ளோதாம்மா" என்றார். பொய் சொல்வதாக அவர் நினைத்திருக்க மாட்டார். எனக்கும் பொய்யாகப் படவில்லை. இளநீர் வெட்டிக் கொடுத்தார். குடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனேன்.

நாற்பது சொச்சம் ஊர்கள். ஒரு காலனிக் கிணறுகூட என் பட்டியலில் இல்லை. அந்த அழகான பட்டியலை மூன்று பேர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

சுவர் மேல் உட்கார்ந்தவள்

பம்பைக் காய்ந்த ஏரி வழியாகத் தள்ளினோம். நானும் தள்ளினேன். கிணறு பள்ளத்தில் இருந்தது. ஏரிக் கசிவு நேராக அதற்குத்தான் வரும் என்று நிலத்தைப் பார்த்தாலே தெரிந்தது. உறை வைத்த கிணறு, பத்தடி அகலம். அதைச் சுற்றிப் பதினைந்து இருபது பெண்கள். கைப்பிடிச் சுவரின் மேல், காலை உள்ளே தொங்கவிட்டுக்கொண்டு, ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கலாம். மடியில் காலிக் குடம்.

"யக்கா, எறங்கு. குழாய எறக்கணும்" என்றார் துரைக்கண்ணு.

"இதுல தண்ணி இருக்குதுன்னு யாரு சொன்னது?"

"ஏழுமலைன்னு ஒருத்தரு."

"அந்த ஆளு சொல்லிட்டா ஆச்சா? ஊட்டுக்குத் தண்ணி மொண்டு வர்றது நானு." அவள்தான் ஏழுமலையின் மனைவி முனியம்மா. "எங்க ஆம்பளைங்க பூரா ஒங்க ஊரு கூரை மேல நிக்கிறாங்க. இப்போ கெணத்தயும் கேக்குறீங்களா?"

"சட்டப்படி எந்தத் தண்ணியையும் நாங்க எடுக்கலாம்."

"எடேன். என்னைத் தாண்டி எடு."

துரைக்கண்ணுவுக்குச் சட்டம் தெரியும். சுவர் மேல் உட்கார்ந்த பெண்ணைத் தூக்கி வைக்கச் சட்டத்தில் எந்த இடத்திலும் வழி சொல்லவில்லை என்பதும் தெரியும். என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் சொன்னார்: "பாதித் தண்ணிதான் எடுப்போம்னு சொல்லும்மா."

குண்டை இறக்கினேன். நீர்மட்டம் பதினாலு அடி. தண்ணீர் ஒன்பது அடி. பத்தடி அகலம். பம்ப் நிமிஷத்துக்கு இவ்வளவு. மனக்கணக்கு எனக்கு எப்போதும் கைகொடுக்கும். அன்று வாய் கைகொடுக்குமா என்றுதான் தெரியவில்லை.

"முழுக்க எடுத்துடுவோம்" என்றேன். "இருபது நிமிஷம், மிஞ்சினா இருபத்தஞ்சு. அப்புறம் சேறுதான் இருக்கும்."

துரைக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டார்.

முனியம்மா முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். "திரும்ப எப்போ ஊறும்?"

"தெரியாது. இந்தக் கெணத்த நான் அளந்ததே இல்ல."

"நாளைக்குக் காலையில அறுவது ஊடு இன்னா குடிக்கும்?"

எனக்குப் பின்னால் மூச்சிரைக்கிற சத்தம். ஊர் நிர்வாகம் பார்க்கும் முன்சீப் ஓடி வந்திருந்தார். கனத்த உடம்பு, தோளில் கரி படிந்த துண்டு. "நெருப்பு கோயிலாண்ட வந்துட்டுது. இங்க இன்னா பேச்சு?"

"ஊர்க் கெணத்துல எத்தினி அடியில தண்ணி?" முனியம்மா அவரைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டாள்.

"முப்பத்தாறு. பம்புக்கு எட்டாது."

"கொடத்துக்கு?"

அவள் எங்கே வருகிறாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. "கொடத்துக்கு எட்டும்."

"அப்போ சரி. எங்க தண்ணிய வண்டி எடுக்கட்டும். ஒங்க தண்ணிய நாங்க எடுக்குறோம். இவரு சொல்லட்டும்."

முன்சீப் ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். புகைக்குள் கோயில் கோபுரம் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. காலனிப் பெண்கள் ஊர்க் கிணற்றில் அதுவரை ஒரு குடம் இறைத்தது கிடையாது. அதைச் சொல்ல வேண்டிய அவசியம்கூட அங்கே நின்ற யாருக்கும் இல்லை.

"சரி, சரி, வரட்டும்" என்றார் துரைக்கண்ணுவிடம்.

"என்னாண்ட சொல்லு" என்றாள் முனியம்மா.

முன்சீப் பம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வாங்க. ஒங்க கெணறு ஊறுற வரைக்கும் வந்து எடுத்துக்குங்க."

"மேப்பு அம்மா, நீ எழுதுறவதானே? எழுது. அவரு கையெழுத்துப் போடட்டும்."

பட்டியலை அவள் பக்கத்திலேயே சுவரின் மேல் விரித்தேன். நெல்லித்தாங்கல் பக்கத்தில், 'குறிப்பு' என்ற கட்டத்தில் பென்சிலால் எழுதினேன்: 'காலனிக் கிணறு, நீர்மட்டம் பதினாலு அடி. இது மறுபடி ஊறும் வரை காலனியார் ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கலாம்.' முன்சீப் கையெழுத்துப் போட்டார். முனியம்மாவுக்கு எழுதத் தெரியாது. விரலில் மை வைக்க மை இல்லை. பம்பின் கரியைத் தொட்டு வைத்தாள்.

இறங்கினாள். எல்லாவற்றுக்கும் சேர்த்து நாலு நிமிஷம் ஆனது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் எழுதினேன்.

இருபத்துமூன்று நிமிஷம்

குழாய் இறங்கியது. முள் ஏறியது, நின்றது, பம்பின் சத்தம் மாறியது. சத்தம் கனமாகிறபோது தண்ணீர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். தரையில் தட்டையாகக் கிடந்த கான்வாஸ் குழாய் என் காலருகே தடித்து எழுந்து, ஏரியைத் தாண்டி, வேலியைத் தாண்டி, ஊருக்குள் போனது.

கிணற்றடியில் நின்று மட்டத்தை அளந்து கத்துவது என் வேலை. பதினாறு. பதினெட்டு. ஊருக்குள் நடந்ததை நான் பார்க்கவில்லை. மஸ்தான் பாய் பிறகு சொன்னார். தண்ணீர் கோயில் மண்டபத்துக் கூரையை நோக்கித் திரும்பியபோது ஒருவர் குறுக்கே வந்தாராம்.

"சார், அந்தக் கெணத்துத் தண்ணி கோயில் மேல படலாமா?"

துரைக்கண்ணு குழாயை விடாமலே கேட்டாராம்: "வேணான்னா சொல்லு. மூடிடறேன்."

அந்த ஆள் ஒதுங்கி நின்றார். அவர் வீடு கோயிலுக்கு அடுத்த வீடு.

இருபது. இருபத்தொன்று. தண்ணீர் கலங்கி வர ஆரம்பித்தது. காலனிப் பெண்கள் கலையாமல் நின்று கிணறு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உறையின் வளையங்கள் ஒவ்வொன்றாக ஈரத்தோடு வெளியே வந்தன. இருபத்துமூன்றாவது நிமிஷம் குழாயின் வாய் காற்றைக் குடித்தது. அடியில் சேறு, ஒரு உடைந்த குடம், இரண்டு தவளை.

அங்கேயிருந்து ஊர்ப் பக்கம் பார்த்தோம். புகை வெளுத்து, ஆவியாக மெலிந்துகொண்டிருந்தது. ஒரு பயர்மேன் ஏரிக்கரை மேல் வந்து துண்டை வீசினார்.

பதினாலு வீடுகள் எரிந்தன. கிழக்குப் பாதி முழுவதும் நின்றது. ஆள் சேதம் இல்லை. இரண்டு ஆடும் ஒரு கன்றும் போயின. ஏழுமலைக்கு முழங்கை வெந்திருந்தது. ஏதோ பச்சிலை வைத்துக்கொண்டு, வண்டி போகும்போது கை காட்டினார்.

பதினாலு அடி

மறுநாள் காலையில் ஊர்க் கிணற்றின் தெற்குப் பக்கம் புதிதாக ஓர் உருளை மாட்டினார்கள். வடக்கு உருளை ஊருக்கு, தெற்கு உருளை காலனிக்கு. காலையில் ஊர், வெயில் ஏறியபின் காலனி. சண்டை இல்லை. பேச்சும் இல்லை.

ஐந்தாம் நாள் முன்சீப் எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார். "காலனிக் கெணத்துல தண்ணி வந்துட்டுதும்மா. பாத்தேன்."

"எவ்வளவு?"

"இருக்குது."

பஸ் ஏறிப் போய் அளந்தேன். ஒன்றரை அடி சேற்றுத் தண்ணீர். 'ஊறும் வரை' என்றால் எதுவரை என்ற கேள்வி வந்தது. நெருப்பன்று எழுதிய பதினாலு அடிதான் அளவு என்றேன். முன்சீப் மறுக்கவில்லை. அதன் கீழேதான் அவருடைய கையெழுத்து இருந்தது.

அதன்பின் இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை போய் அளப்பது என் வேலையாயிற்று. ஆபீஸ் வேலையல்ல, என் வேலை. சித்திரையில் பத்தொன்பது அடி. ஆனியில் பதினெட்டரை. ஆடியில் ஒரு மழை, பதினேழு. முன்சீப் நல்ல மாதிரிதான். ஒவ்வொரு முறையும் மோர் கொடுப்பார். ஒரு முறை சிரித்துக்கொண்டே கேட்டார்: "டேப்பக் கொஞ்சம் தளர்த்திப் புடிச்சா பதினாலு வராதாம்மா?"

"டேப்பு இரும்புங்க. தளராது."

"ஊருல என்னைக் கேக்குறாங்க, அதான் சொன்னேன்."

முனியம்மா ஒரு முறைகூட எதுவும் கேட்கவில்லை. நான் குண்டை இறக்கும்போது பக்கத்தில் வந்து நிற்பாள். எண்ணைக் கேட்டுக்கொண்டு போய்விடுவாள்.

புரட்டாசிக் கடைசியில் பதினாலு அடி இரண்டு அங்குலம். "ரெண்டு அங்குலம் ஒரு கணக்கா?" என்றார் முன்சீப். கணக்குதான் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது. என் மனம் காலனிப் பக்கம் சாய்வதைக் கவனித்து, கொஞ்சம் பயந்தேன். ஏனென்றால் அடுத்த முறையும் அதே டேப்பைத்தான் பிடிக்க வேண்டும்.

ஐப்பசியில் மழை நாலு நாள் பிடித்தது. போனபோது கிணற்றடியில் இருவரும் நின்றார்கள். குண்டை இறக்கினேன். இருமுறை இறக்கினேன். பதிமூன்று அடி ஒன்பது அங்குலம்.

பதினாலு அடி மூன்று அங்குலம் என்று நான் சொல்லியிருக்கலாம். யாரும் டேப்பைப் பிடுங்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். இதை எழுதும்போது மூன்று வருஷம் கழித்தும் அந்த அரை நிமிஷம் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. எந்தப் பக்கம் சங்கடம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"சொல்லு" என்றாள் முனியம்மா.

சொன்னேன்.

"அப்போ பேச்சு முடிஞ்சுது" என்றார் முன்சீப். கோபமாகச் சொல்லவில்லை. பாரம் இறங்கியவர் போலச் சொன்னார். தெற்கு உருளையை அன்று சாயங்காலமே கழற்றிவிட்டதாகப் பஸ் கண்டக்டர் சொன்னார்.

முன்சீப் போனபின் முனியம்மா டேப்பைச் சுருட்ட எனக்குக் கை கொடுத்தாள்.

"'ஊறுற வரைக்கும்'னு அவரு சொன்னாரு. நீ அப்படியே எழுதிட்ட" என்றாள்.

"அவசரத்துல எழுதினேன்."

"நானும் அவசரத்துலதான் வெச்சேன். அடுத்த தபா நெருப்பு வர்றதுக்கு முன்னாடியே எழுதிக்கலாம். அந்த வார்த்தய மட்டும் போடாத."

அந்தக் கார்த்திகையிலேயே பட்டியலைப் புதிதாகப் போட்டேன். இம்முறை இரண்டு ரிஜிஸ்தரையும் வைத்துக்கொண்டு போனேன். கர்ணம் காட்டிய இடத்தில் நிற்காமல், "காலனிக்கு எந்த வழி?" என்று நானே கேட்டேன். பல ஊர்களில் காலனிக் கிணறுதான் பள்ளத்தில் இருக்கிறது. மேட்டு நிலத்தை யாரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. அதனால்தான் கோடையில் பம்புக்கு எட்டும் தண்ணீர் அங்கே கிடைக்கிறது.

நெல்லித்தாங்கல் பக்கத்தில் முனியம்மா சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறேன்: 'காலனிக் கிணற்றைத் தீயணைப்பு வண்டி எப்போதும் எடுக்கலாம். ஊர்க் கிணற்றில் காலனியார் எப்போதும் எடுக்கலாம்.' காலனியிலிருந்து பதினெட்டுக் கைநாட்டு வாங்கியாயிற்று. ஊர்ப் பக்கத்துக் கையெழுத்துக்கு ஒரு வரி விட்டிருக்கிறேன். முன்சீப்பிடம் ஆறு முறை கொண்டுபோனேன். ஆறு முறையும் மோர் கொடுத்தார். எரிந்த பதினாலு வீட்டையும் மறுபடி ஓலையில்தான் கட்டியிருக்கிறார்கள்.

இந்தப் பங்குனி பிறந்து பத்து நாளாகிறது. போன சனிக்கிழமை அளந்தேன். கோயில் கிணறு முப்பத்திரண்டு அடி. ஊர்க் கிணறு முப்பத்தைந்து. காலனிக் கிணறு பதினைந்து. காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. அந்த வரியில் இன்னும் கையெழுத்து இல்லை.